காட்டில் தொலைந்தது நானில்லை

ஏழாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் என் அத்தை மகள் சிறுமலைக் காட்டில் வழி தவறிப் போனாள். இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் அவள் எங்கே இருக்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை. செய்தி வந்ததும் பயந்துபோனேன். அழுதேன். அழுது முடித்து முகம் கழுவும்போதுதான், அந்தப் பயத்துக்கு அடியில் வேறொன்றும் இருப்பது தெரிந்தது. பொறாமை. காட்டில் தொலைய வேண்டியவள் நான். அதற்காக மூன்று வருடமாகத் தயாராகிக்கொண்டிருந்தவள் நான். போயும் போயும் அவளுக்கு இது நடந்துவிட்டதே என்றிருந்தது.

இதைச் சொல்ல இன்றைக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதை விட்டுவிட்டு அந்த வருடத்தைச் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

எங்கள் வீடு திண்டுக்கல்லில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. அப்பாவுக்கு லாரி புக்கிங் ஆபீஸில் வேலை. அம்மா வீட்டிலேயே ஜாக்கெட் தைத்துக் கொடுப்பார். பத்து நிமிடம் நடந்தால் கிளை நூலகம். அங்கே சிறுவர் அலமாரியின் கீழ்த்தட்டில் கிடந்த மொழிபெயர்ப்பு நாவல்களை நான்காம் வகுப்பில் கண்டுபிடித்தேன். அதோடு மற்ற புத்தகமெல்லாம் சப்பென்று ஆகிவிட்டது. பனிப்பாளம் உடைந்து கடலில் மிதந்து போகும் ஒரு சிறுமி, அவளோடு ஒரு கடல்நாய்க் குட்டி. நொண்டி ஓநாய் ஒன்றின் தடத்தைப் பார்த்தே வாரக்கணக்கில் நடந்து ஊர் சேரும் அண்ணனும் தங்கையும். அப்பா செத்துப்போன பையனைக் கிணறு கிணறாகக் கூட்டிப் போகும் கிழட்டு ஒட்டகம். அந்தக் கதைகளில் பெரியவர்கள் முதல் அத்தியாயத்திலேயே செத்துப் போவார்கள், இல்லையென்றால் காணாமல் போவார்கள். அப்புறம் தலை சீவினாயா, பால் குடித்தாயா என்று கேட்க ஆள் கிடையாது. ஒரு கத்தி, ஒரு மிருகம், பசி. அதைவிடச் சந்தோஷமான வாழ்க்கை எதுவும் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திண்டுக்கல்லில் பனிக்கும் ஓநாய்க்கும் எங்கே போவது? மொட்டை மாடியில் ஏறி நின்றால் தெற்கே சிறுமலை தெரியும். அதை நான் எடுத்துக்கொண்டேன். என்றைக்காவது அதற்குள் தனியாக மாட்டிக்கொள்வேன் என்று முடிவு செய்து, பழைய பிஸ்கட் டப்பா ஒன்றில் பொருள் சேர்த்தேன். பிளாஸ்டிக் பையில் சுற்றிய தீப்பெட்டி, நூல்கண்டு, ஊக்கு, உடைந்த கண்ணாடித் துண்டு, உப்புப் பொட்டலம், பாதி பிளேடு. வெயிலில் பூதக்கண்ணாடியைப் பிடித்துக் காகிதம் கொளுத்தப் பழகினேன். ஒரு நாள் மதியம் வரை தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்துப் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்தேன். எதற்கென்று அம்மாவிடம் சொல்லவில்லை.

அத்தை மகள் ஆறாம் வகுப்புக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். அத்தை அப்பாவின் தங்கை. கொடைரோட்டுக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் இருந்தது அவர்கள் ஊர். மாமா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார். ஊரில் ஐந்தாம் வகுப்பு வரைதான் என்பதால், எங்கள் வீட்டில் தங்கி என்னோடு படித்தாள். என்னைவிட மூன்று மாதம் மூத்தவள். கணக்கில் கெட்டிக்காரி. கதை என்றால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடும். ஓநாய் தன் குட்டியைப் பறிகொடுத்துவிட்டு ஊளையிடும் பக்கத்தை ஒரு நாள் நான் குரல் நடுங்க வாசித்துக் காட்டினேன். முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் காலை ஆட்டிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

"அந்த ஓநா எத்தன ஆட்டத் தின்னுருக்கும்?" என்றாள்.

"அதுக்கும் இதுக்கும் என்னடி?"

"இல்ல, கேட்டேன். ஆட்டுக்காரன் பாவம்ல?"

அந்த மே மாதம் நாங்கள் இருவரும் அத்தை வீட்டுக்குப் போனோம். நான் நான்கு நூலகப் புத்தகங்களோடு போனேன். போன மறுநாள் செவ்வாய்க்கிழமை. அத்தை விடியற்காலையில் எலுமிச்சை பறிக்க மலைமேல் ஒரு தோட்டத்துக்குக் கிளம்பினார். ஒற்றையடிப் பாதையில் இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். மகளையும் கூட்டிக்கொண்டு போனார்.

"நீயும் வாரியா தாயி? மேல குளுகுளுன்னு இருக்கும். சாயங்காலம் வந்துரலாம்" என்று என்னையும் கூப்பிட்டார்.

ஒட்டகக் கதையில் கடைசி முப்பது பக்கம் பாக்கி இருந்தது. கடைசிக் கிணறு வற்றிக் கிடந்த இடத்தில் முந்தின நாள் நிறுத்தியிருந்தேன்.

"நாளைக்கு வாரேன் அத்தை" என்றேன்.

மூன்று வருடமாக மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மலைக்கு ஆள் கூப்பிட்டும், பாலைவனத்தில் ஒட்டகம் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள வீட்டில் உட்கார்ந்துவிட்டேன். ஒன்பது மணிக்கெல்லாம் புத்தகம் முடிந்துவிட்டது. ஒட்டகம் செத்துவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த கஞ்சியைக் குடித்துவிட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அத்தை தலைவிரி கோலமாகக் கீழே இறங்கி வந்தார். கூட வேலை செய்த இரண்டு பெண்கள் அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மகளைக் காணவில்லை. தோட்டத்தைச் சுற்றிக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இருட்டப் போகிறது என்றதும் ஊரில் ஆள் திரட்ட வந்துவிட்டார்கள்.

புதன்கிழமை முதல் பேருந்தில் அப்பா வந்தார். அதற்குள் பாதி ஊர் கோயில் முன்னால் கூடியிருந்தது. எந்தப் பக்கம் போவது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். மேலே நாலா பக்கமும் சரிவு, பள்ளம். கோடை மழை பெய்திருந்ததால் ஓடைகளில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"எந்நேரமும் ஒங்கூடத்தான கெடப்பா. காட்டப் பத்தி ஒங்கிட்ட எதாச்சும் பேசிருக்காளா? எங்குட்டுப் போவான்னு தோணுது ஒனக்கு?"

சுற்றியிருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிய பெரிய பெரிய ஆட்கள், கையில் அரிவாளும் டார்ச் லைட்டுமாக, நான் என்ன சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தார்கள். அப்படி ஒரு நிமிடம் அதற்கு முன் எனக்கு வாய்த்ததில்லை.

"ஓடையப் புடிச்சுக் கீழ எறங்குவா" என்றேன். "காட்டுல தொலஞ்சா தண்ணி போற பக்கமே போகணும்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன். கண்டிப்பா அப்பிடித்தான் போவா."

சொல்லிக் கொடுத்தது உண்மை. பாதியிலேயே அவள் தூங்கிவிட்டதும் உண்மை. அதை நான் சொல்லவில்லை. அவள் தொலைந்ததுதான் தொலைந்தாள், என் புத்தகத்தால் கிடைத்தாள் என்றாவது இருக்கட்டும் என்று உள்ளே ஒரு ஆசை.

"புள்ள சொல்றது சரியாத்தான் இருக்கு" என்றார் ஒருவர். அன்றைக்குப் பகல் முழுக்க, இருந்த ஓடைகளையெல்லாம் பிடித்துக் கீழே கீழே என்று தேடினார்கள். முள் கிழித்த காலோடு வெறுங்கையாகத் திரும்பினார்கள்.

வியாழக்கிழமை காலை, பலாப்பழச் சுமையோடு மலையிலிருந்து இறங்கிய இரண்டு பேர் அவளைப் பார்த்துக் கூட்டி வந்தார்கள். தோட்டத்து வேலியிலிருந்து கால்மணி நேர நடைதான். ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாளாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம் உட்கார்ந்தவள், அந்த இடத்தை விட்டு அசையவே இல்லையாம். கொசு கடித்து உதடும் கண்ணும் வீங்கியிருந்தன. அத்தை அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து கத்தினார். ஊரே அழுதது. நானும் கதவோரம் நின்று அழுதேன். என் சொல்லை நம்பிக் கீழே போனவர்கள் யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளை கிடைத்த சந்தோஷத்தில் அது யாருக்கும் ஞாபகமே இல்லை.

இரண்டு நாள் பொறுத்தேன். மூன்றாம் நாள் அவள் தெம்பாக எழுந்து உட்கார்ந்ததும் பக்கத்தில் போய் ஆரம்பித்தேன்.

"எப்பிடிடி தொலஞ்ச?"

"ஒதுங்கப் போனேன். பொம்பளைகல்லாம் பக்கத்துல இருந்தாக, கூச்சமா இருந்துச்சு. செத்த தள்ளிப் போயிட்டேன். திரும்பி வந்தா வேற பக்கமா வந்துட்டேன் போல."

எனக்குப் பொறுக்கவில்லை. சிறுமலையில் தொலைவதற்கு இதுவா காரணம்?

"தீ மூட்டுனியா?"

"தீப்பெட்டி ஏது?"

"என்ன சாப்ட்ட?"

"மடியில ரெண்டு கொய்யாக்கா கெடந்துச்சு. மாம்பழம் ஒண்ணு."

"மிருகம்? எதுவுமே வரலையா?"

யோசித்தாள். "காட்டுமாடு வந்துச்சு."

நான் இன்னும் நெருங்கி உட்கார்ந்தேன். "அப்பறம்?"

"நின்னுச்சு."

"அப்பறம்?"

"போயிருச்சு."

நான் வாசித்த எந்த நாவலிலும் அது இருபது பக்கம் வரும். அதன் கண், அதன் மூச்சு, அது முன்காலால் தரையைக் கீறுவது, இவள் அசையாமல் நிற்பது, இருவருக்கும் நடுவில் ஏதோ ஒன்று புரிந்துபோவது. இவளுக்கு இரண்டு வார்த்தையில் முடிந்துவிட்டது. காட்டுமாடு இவளிடமா வந்திருக்க வேண்டும் என்று எனக்கு அழுகை முட்டியது.

"ஏன் அங்கயே ஒக்காந்திருந்த? நடந்திருக்கலாம்ல?"

"சின்னதுல அய்யலூர்ச் சந்தையில ஆட்டுக் கூட்டத்துல ஒருக்கா அம்மாவ விட்டுட்டேன். அப்ப அம்மா சொல்லிச்சு, தொலஞ்சா நின்ன எடத்துல நில்லு, நான் வந்துருவேன்னு. அதான்."



ஊர் திரும்பியதும் எங்கள் வீட்டில் எல்லாமே அவளைச் சுற்றி நடந்தது. அம்மா ஞாயிறுதோறும் ஆட்டுக்கால் சூப் வைத்து, முதல் கிண்ணத்தை அவளிடம் நீட்டினார். தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம் அவள் தட்டில் இரண்டு கரண்டி, என் தட்டில் ஒன்று. தையல் மிஷினை நிறுத்திவிட்டு அவளுக்குத் தலை பின்னிவிட்டார். எனக்கு நானேதான் பின்னிக்கொண்டேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தபோது, என்னோடு மூன்று வருடம் பேசாத பிள்ளைகள்கூட என்னிடம் வந்து, "ஒங்க அத்த மகளாமே, சிறுத்தையப் பாத்தாளாமே?" என்று கேட்டார்கள். நானும், "காட்டுமாடுதான் பாத்தா" என்று திருத்திச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம்கூடத் தாங்கியிருப்பேன். நூலகத்தில் நடந்ததைத்தான் தாங்க முடியவில்லை. ஓநாய் நாவலுக்கு இரண்டாம் பாகம் ஒன்று உண்டு. அது வந்தால் எனக்குத்தான் முதலில் என்று நூலகத்து அக்கா சொல்லியிருந்தார். நான்கு மாதமாக வாரம் இரண்டு முறை போய்க் கேட்டுக்கொண்டிருந்தேன். ஜூன் இரண்டாம் வாரம், கூடத் துணைக்கு அத்தை மகளையும் கூட்டிப் போனேன். அக்கா அவளைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"இந்தப் புள்ளதானா அது? காட்டுல ரெண்டு நா இருந்துச்சே?"

மேசை இழுப்பறையைத் திறந்து, இன்னும் பசை வாசனை போகாத அந்தப் புத்தகத்தை எடுத்தார். என் கை தானாக நீண்டது. அவர் அதை அத்தை மகளிடம் கொடுத்தார். "இது ஒனக்குத்தான்டா பொருத்தம். மெதுவா வாசிச்சிட்டுக் குடு."

வீட்டுக்கு வந்ததும் அவள் அதைத் தன் டிரங்குப் பெட்டிக்கு அடியில் வைத்தாள். எடுக்கவே இல்லை. எனக்குக் கொடு என்று கேட்க வாய் வரவில்லை. அவள் குளிக்கப் போகும் பத்துப் பத்து நிமிடத்தில், தண்ணீர்ச் சத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டே திருட்டுத்தனமாக வாசித்தேன். முடிக்கப் பதினெட்டு நாள் ஆனது. அந்தப் பதினெட்டு நாளும் அவள் சீக்கிரம் குளித்துவிட்டால் எனக்குக் கோபம் வரும்.

அப்போதுதான் எங்கள் தமிழ் டீச்சர் அவளைக் கூப்பிட்டு, நடந்ததைக் கட்டுரையாக எழுதித் தரச் சொன்னார். இலக்கிய மன்றக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும், பிறகு பள்ளி மலரில் போடலாம் என்றார். அன்று மாலை அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எனக்கு எழுத வராது. நீ எழுதிக் குடேன் புள்ள."

நான் செத்த நேரம் பிகு செய்துவிட்டு ஒப்புக்கொண்டேன். அன்றைக்கு உட்கார்ந்து நான்கு பக்கம் எழுதினேன். அவள் ஒதுங்கப் போகவில்லை, கால் ஒடிந்த மான்குட்டி ஒன்றைத் துரத்திப் போனாள். கூழாங்கல்லை உரசித் தீ மூட்டினாள். சிறுத்தையின் கண்கள் புதருக்குள் மின்னின. மான்குட்டியை மடியில் வைத்து மாம்பழச் சாறு புகட்டினாள். கடைசியில், நூல்களில் படித்திருந்தபடி ஓடையைப் பின்தொடர்ந்து இறங்கினாள். தேடி வந்தவர்களின் குரல் அவளை நெருங்கி வந்தது. எழுதும்போது எனக்கே புல்லரித்தது. அந்த இரண்டு நாளும் ஒருவழியாக என் கைக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

அவள் பார்த்து எழுதிக் கொடுத்ததை டீச்சர் படித்துவிட்டு ஓய்வறையிலிருந்து என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். "ஒங்க அத்த மக எம்புட்டு அழகா எழுதிருக்கா பாத்தியா? நீ இம்புட்டுப் புத்தகம் வாசிக்கிறியே, இப்பிடி ஒண்ணு எழுதக் கூடாதா?"

"எழுதுறேன் டீச்சர்" என்றேன்.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடில் கூட்டம். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை எல்லோரும் ஹாலில் தரையில் உட்கார்ந்திருந்தோம். அத்தை மகள் மைக் முன்னால் நின்று, கணக்கு வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போல வாசித்தாள். சிறுத்தையின் கண்கள் மின்னிய இடத்தில்கூடக் குரல் மாறவில்லை. நான் எழுதியதை இவள் இப்படிக் கொல்கிறாளே என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். நான்காவது பக்கத்தில், தேடி வந்தவர்களின் குரல் நெருங்கி வந்தது என்ற வரியில் நின்றுவிட்டாள். பயந்துவிட்டாளோ என்று டீச்சர் எழுந்து பக்கத்தில் போனார்.

"இது நடக்கல டீச்சர்" என்றாள். மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

"என்னம்மா?"

"நான் ஒதுங்கப் போயித்தான் தொலஞ்சேன்." ஹாலில் சிரிப்பு எழுந்தது. அவள் நிறுத்தவில்லை. "ஒரு பாறையில ஒக்காந்துக்கிட்டேன். மறுநா எங்க ஊர்க்காரவுக எம் பேரச் சொல்லிக் கூப்புடுறது கேட்டுச்சு. நானும் கத்துனேன். தண்ணிச் சத்தத்துல அவுகளுக்குக் கேக்கல. கீழ கீழன்னு போயிட்டாக. சத்தம் கொறஞ்சு கொறஞ்சு அப்பறம் கேக்கவே இல்ல. அதுவரைக்கும் எனக்குப் பயம் வரல. அப்பத்தான் வந்துச்சு."

காகிதத்தை மடித்து டீச்சரிடம் கொடுத்துவிட்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். கடைசி வரிசைப் பிள்ளைகள்கூடப் பேசவில்லை. யாரும் கை தட்டவில்லை. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் அந்தக் குரல்களைக் கேட்டாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். அவர்களைக் கீழே அனுப்பியவள் நான் என்ற பயம் பிடித்துக்கொண்டது. அந்த நிலையிலும், என் நான்கு பக்கத்துக்குக் கிடைக்காத அமைதி அவளுடைய எட்டு வரிக்குக் கிடைத்துவிட்டதே என்று ஒரு எரிச்சல் கூடவே ஓடியது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே ஆளுக்குள் இருக்க முடியும் என்பதை அன்றைக்குத்தான் கண்டேன்.

வீட்டுக்கு நடந்து வந்தோம். பேருந்து நிலையத்துக் கூட்டத்தைத் தாண்டி எங்கள் சந்துக்குள் திரும்பினோம். அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அவுக ஏன் கீழ போனாகன்னுதான் எனக்கு இன்னமும் வெளங்கல. தோட்டத்துக்குப் பக்கத்துல தேடிட்டுல போகணும்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது.

"நான்தான் சொன்னேன்" என்றேன்.

நின்றாள். "என்னன்னு?"

"நீ ஓடையப் புடிச்சுக் கீழதான் போவன்னு. ஒனக்குச் சொல்லிக் குடுத்திருக்கேன்னு சொன்னேன்."

"நீ எப்பச் சொல்லிக் குடுத்த?"

"சொன்னேன். நீ தூங்கிட்ட."

"நான் தூங்கிட்டேன்னு ஒனக்குத் தெரியும்ல?"

"தெரியும்."

என்னையே பார்த்தாள். திட்டுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். பையைத் தோளில் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் நடந்து போய்விட்டாள்.

ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "ரெண்டு பேரும் என்னத்துக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியிறீக?" என்று அம்மா கேட்டபோது, "ஒண்ணுமில்ல அத்த" என்று அவள்தான் பதில் சொன்னாள். அவள் சொல்லிவிட்டால் தேவலை என்று எனக்கு இருந்தது.

அந்த ஒன்பது நாளில்தான் அவள் டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து ஓநாய் நாவலை எடுத்தாள். வரிக்கு வரி விரலை வைத்து, மெதுவாக, ஒரு கணக்கைச் சரிபார்ப்பதுபோல் வாசித்தாள். நான் வீட்டுப்பாடம் எழுதுவதுபோல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டாம் நாளோ என்னவோ, வாசித்துக்கொண்டே இருந்தவள் புத்தகத்தை முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

அவள் குளிக்கப் போனதும் பாய்ந்து எடுத்துப் பார்த்தேன். எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை. மூலை மடித்திருந்த பக்கத்தில் ஓநாய் சாகவில்லை. யாரும் யாரையும் பிரியவில்லை. பிள்ளைகளைத் தேடி வந்த மாமா அக்கரையில் நின்று விசில் அடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகிறார். ஒரே ஒரு வரி. பதினெட்டு நாள் அந்தப் புத்தகத்தைத் திருடி வாசித்த நான் அந்த வரியைத் தாண்டிப் போயிருந்தேன். அப்படி ஒன்று அதில் இருந்ததே எனக்கு நினைவில்லை. அன்றைக்கு வந்த பொறாமை மற்ற எல்லாவற்றையும்விட மோசமானது. சூப்புக்கும் புதுப் புத்தகத்துக்கும் வந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. இது என்னுடைய அலமாரி. என்னுடைய ஓநாய். அதையும் இவள் என்னைவிட நன்றாக வாசிக்கிறாள்.

மறுநாள் சாப்பிடும்போது அவளாகவே பேசினாள். "இதுலயும் கீழதான் போறாக."

"ஆமா."

"இவுக கீழ போனா ஊர் வருது. நம்ம மலையில கீழ போனா முள்ளுக்காடுதான் வரும்."

"ஆமா" என்றேன். மோர் ஊற்றட்டுமா என்று கேட்டாள். ஊற்று என்றேன். நானும் மன்னிப்புக் கேட்கவில்லை, அவளும் மன்னித்துவிட்டதாகச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவளுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. ஒரே வருடத்தில் அந்தக் கீழ்த்தட்டு முழுவதையும் வாசித்தாள். வாசித்துவிட்டுத் தீர்ப்பு வேறு சொல்வாள். "இந்தாளு காட்டுக்கே போனதில்ல. பசியப் பத்தி மட்டுமே எழுதிருக்கான். கொசுவே வரல." இன்னொன்றை முடித்துவிட்டு, "இந்தம்மா போயிருக்கு" என்பாள். எப்படித் தெரியும் என்றால் சொல்லத் தெரியாது. நூலகத்து அக்கா அடுத்த வருடம் எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று எழுதித் தரக் கேட்டபோது, அந்தத் தாளை அவளிடம்தான் நீட்டினார். நான் பக்கத்தில் பேனா மூடியைத் திருகிக்கொண்டு நின்றேன். அவள் எழுதிய ஐந்து பெயர்களில் மூன்றை நான் எழுதியிருக்க மாட்டேன். மூன்றுமே நல்ல புத்தகங்கள்.

இப்போது அவள் சேவுகம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். நான் திண்டுக்கல்லிலேயே இருக்கிறேன், சிறுவர்களுக்கு நாவல் எழுதுகிறேன். இரண்டு வந்திருக்கின்றன. இரண்டிலும் காடும் மிருகமும்தான். அத்தைக்கு வயதாகிவிட்டது. வருடம் தவறாமல் மே மாதம் எனக்கென்று ஒரு பலாப்பழம் எடுத்து வைக்கிறார். அன்றைக்குக் கோயில் முன்னால் நான் சொன்னது தவறு என்பதை அவரிடம் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு வருடமும் சொல்ல நினைத்து, பழத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன்.

போன மாதம் மூன்றாவது நாவலின் கையெழுத்துப் பிரதியை அத்தை மகளுக்கு அனுப்பினேன். தேவாங்குக் குட்டி ஒன்றோடு மலையில் மாட்டிக்கொள்ளும் பெண்ணின் கதை. ஒரு வாரம் கழித்துப் போன் செய்தாள். பின்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கத்துவது கேட்டது.

"நல்லாருக்கு. தேவாங்கு ரொம்ப நல்லாருக்கு. எங்க எட்டாங்கிளாஸ் புள்ளைக ஒரே மூச்சுல வாசிச்சிருச்சுக."

"அப்பறம்?" என்றேன். அவளிடம் ஒரு 'அப்பறம்' எப்போதும் இருக்கும்.

"ஒண்ணுமில்ல. மூணாவது அத்தியாயத்துல அவளுக்குப் பயம் வருதுல்ல? அது சீக்கிரமே வந்துருச்சு. அப்பிடி வராது."

"வேற எப்ப வரும்?"

"நீதான எழுதுறவ? யோசிச்சுப் பாரு. சரி வச்சிரட்டா, பெல் அடிச்சிருச்சு."

மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டு வாரமாகத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் சரியாக வரவில்லை. ஒரு போன் செய்தால் சொல்லிவிடுவாள். கேட்கத்தான் மனம் வரவில்லை.